சொட்டும் இடமும் கசியும் இடமும்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள் படிக்கலாம். வேதியியல், பலபடி அறிவியல், இயந்திரப் பொறியியல் துறைகளில் இருப்போர் மட்டும் எப்படியாவது இறுதிவரை வந்துவிட வேண்டுகிறேன். அவர்களிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது.)

தெற்குக் கொல்கத்தாவில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படியை ஒட்டிய கொட்டகையில் 1978ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 3 ஒன்று நிற்கிறது. வீட்டு உரிமையாளரான மூதாட்டியை, இவ்வூர் வழக்கப்படி, குடித்தனக்காரர்கள் அனைவரும் மாஷிமா என்றே அழைக்கிறோம். மறைந்த கணவர் வாங்கிய வண்டி. மாதத்தில் இரண்டு மூன்று முறை, ஓட்டுநர் ஒருவரை வரவழைத்து, மருத்துவரிடமும் தங்கை வீட்டுக்கும் போய்வருவார். கடந்த கோடையில் படிக்கட்டெங்கும் பெட்ரோல் நெடி பரவத் தொடங்கிற்று. மேல்மாடியில் சமையல் எரிவாயு அடுப்புகள். கீழே, அந்தக் கொட்டகையின் திண்ணையில் அமர்ந்து பீடி பற்றவைக்கும் காவலாளி. புகார் எழுந்தது நியாயம்தான். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று மாஷிமா முடிவெடுத்த நாளில், அறிவியல் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நான், இரண்டு வார அவகாசம் கேட்டு வாங்கினேன். இளநிலையில் இயந்திரப் பொறியியல் படித்தவன் என்ற சிறு செருக்கும் அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பிரித்தானிய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடியொற்றி, ஹூக்ளிக் கரையில் உத்தரபாராவில் உருவானது அம்பாசிடர். 2014 மே மாதத்தில் அந்த ஆலையின் பணி நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று இதற்குத் 'தயாரிப்பாளர்' என்று போய்க் கேட்கத்தக்க எவரும் இல்லை. மல்லிக் பஜாரின் உதிரிபாகக் கடைகளும், அவற்றைச் சுற்றி வாழும் மிஸ்திரிகளின் நினைவாற்றலும்தான் இதன் தொழிற்சாலை.

கசிவு ஏன் அச்சத்துக்குரியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த 1489 கன செ.மீ. எஞ்சினில் கார்பரேட்டரும் புகைவெளியேற்றுக் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மேலே பெட்ரோல், அதற்கு நேர் கீழே, ஓடும்போது சில நூறு பாகை வெப்பத்தில் இருக்கும் இரும்பு. மேலிருந்து விழும் ஒவ்வொரு துளியும் ஒரு சூதாட்டம்.

இவ்வண்டியில் இருப்பது எஸ்.யூ. வகை கார்பரேட்டர். 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வடிவமைத்த ஸ்கின்னர், செருப்பு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய முதல் கார்பரேட்டர்களில் காற்றழுத்தத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் துருத்தி தோலால் ஆனது. (தொழில்நுட்ப வரலாற்றை 'மேதையின் தலையில் உதித்த மின்னல்' என்று கற்பிக்கும் பாடநூல்கள் இத்தகைய செருப்புக்கடைச் செய்திகளைச் சொல்வதில்லை.) பின்னர் தோலின் இடத்தை உலோக உந்துதண்டு எடுத்துக்கொண்டது. நமக்கு வேண்டியது அதன் பக்கத்தில் தொங்கும் மிதவைக் கிண்ணம். பம்ப் அனுப்பும் பெட்ரோல் மூடியின் வழியே கிண்ணத்தில் இறங்கும். மட்டம் உயரும்போது மிதவை எழும்பி ஊசி வால்வைத் தள்ளி வழியை அடைக்கும். வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவைக் குழாயின் தத்துவமேதான். கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு மெல்லிய நைலான் குழாய் பெட்ரோலைத் தாரைக்கு எடுத்துச் செல்கிறது. அந்தக் குழாய் கிண்ணத்தில் நுழையுமிடத்தில் ஒரு ரப்பர் வளையமும், அதை இறுக்கும் ஒரு நட்டும் உண்டு.

நான் செய்தது இது. கிண்ணத்தின் வெளிப்புறம் ஈரமாக இருந்தது; அடியில் துளி தொங்கியது. நூல்கள் அனைத்தும் ஊசி வால்வைத்தான் முதற்குற்றவாளியாகச் சொல்கின்றன. ஊசி தேய்ந்தால் வால்வு முழுதாக மூடாது, கிண்ணம் நிரம்பி வழியும். மூடியைக் கழற்றினேன். மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்தேன், உள்ளே பெட்ரோல் புகுந்த ஓசை இல்லை. ஊசியின் கூம்பில் தேய்மான வளையம் ஒன்று தெரிந்தது. ஆதாரம் கிடைத்துவிட்டது! புது ஊசியும் இருக்கையும் பொருத்தி, மூடியைக் கவிழ்த்து வைத்து, மிதவை நெம்பின் அடியில் 1/8 அங்குலத் துளையாணியின் தண்டை நுழைத்து மட்டம் சரிபார்த்தேன். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டினேன். ஒரு துளி இல்லை. மாஷிமாவிடம் வெற்றியை அறிவித்தேன். துறை நண்பர்களின் குழுவில் படமும் போட்டேன்.

மூன்றாம் நாள் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பிய வண்டி மீண்டும் சொட்டியது.

அடுத்த வாரம் முழுவதும் நான் செய்ததை ஆராய்ச்சி என்று சொல்ல நாணுகிறேன். ஊசி வால்வுதான் காரணம் என்ற என் கருதுகோளைக் கைவிட மனம் வராமல், இரண்டாவது ஊசி வாங்கினேன். பம்பின் அழுத்தம் மிகுதியோ என்று ஐயுற்றேன். மூடியின் அட்டையை மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் குளிர்ந்த எஞ்சினில் ஐந்து நிமிடம், ஒரு துளி இல்லை, மனநிறைவு. நம் ஆய்வேடுகளில் பலவும் இதே ஐந்து நிமிடச் சோதனையில் தேறியவை என்ற எண்ணம் அப்போது வரவில்லை. பிறகுதான் வந்தது.

கடைசியில் மல்லிக் பஜாரின் பின்சந்து ஒன்றிலிருந்து ஒரு முதிய மிஸ்திரியை அழைத்து வந்தேன். எழுபதை நெருங்கும் வயது. அவரைத் 'தாதா' என்று அழைக்க வேண்டும். வங்காளத்தில் அண்ணன் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அச்சொல் வேறு தொழிலைக் குறிப்பதால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் உச்சரிக்கும்போது எனக்குள் ஒரு சிரிப்பு எழும். நான் கல்லூரிக்காரன் என்று தெரிந்ததும் அவர் என்னை 'மாஸ்டர்மொஷாய்' என்றார். மரியாதை பாதி, எள்ளல் பாதி.

அவர் பேனட்டைத் திறக்கவில்லை. மாஷிமாவிடம் போனார். இரண்டு கேள்விகள் கேட்டார். வண்டியை நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் சொட்டுகிறது? மறுநாள் காலையில் உடனே கிளம்புகிறதா, செல்ஃப் நெடுநேரம் அடிக்க வேண்டியிருக்கிறதா?

மாஷிமா தயங்காமல் சொன்னார். சொட்டல் வெகுநேரம் நீடிக்கிறது; காலையில் வண்டி எளிதில் கிளம்புவதில்லை. "இந்தப் பையனிடம் முதல் நாளே சொன்னேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். உண்மை. சொன்னார். பேட்டரி பழையதாகியிருக்கும் என்று நான் அதை ஒதுக்கிவிட்டேன்.

அவருடைய தருக்கத்தைப் பொறுமையாகப் பார்க்கத்தான் இப்பதிவு. ஊசி வால்வு பழுதென்றால், பம்ப் தள்ளும் வரைதான் வழிதல் இருக்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். குழாயில் எஞ்சிய அழுத்தம் தணிந்ததும் சொட்டல் ஓய்ந்துவிடும். கிண்ணம் நிரம்பியே இருக்கும், காலையில் எஞ்சின் உடனே பெட்ரோலைப் பெறும். மாறாக, நின்ற பின்னும் நெடுநேரம் சொட்டி, கிண்ணம் காலியாகி, காலையில் அதை நிரப்பப் பம்ப் பலமுறை உழைக்க வேண்டியிருக்கிறது என்றால், ஓட்டை பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஊசி வால்வோ மட்டத்துக்கு மேலே, மூடியில் இருப்பது. ஒரு திருப்புளியைக்கூடத் தொடாமல், ஒரு மூதாட்டியின் நினைவிலிருந்து, என் கருதுகோள் முழுவதும் தள்ளுபடியாயிற்று.

பிறகே பேனட் திறந்தது. கிண்ணத்தையும் குழாயையும் துணியால் துடைத்து உலர்த்தினார். சட்டைப்பையிலிருந்து பள்ளிக்கூடச் சாக்கட்டி ஒன்றை எடுத்து, கிண்ணத்தின் அடி முழுவதும், நட்டின் மேலும், சுண்ணாம்பு அடித்தது போல் பூசினார். எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டார், நிறுத்தினார், தேநீர் கேட்டார். அடியில் வெப்பம் மேலேறி எல்லாம் சூடான பிறகு, வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடு ஒன்று மெல்ல இறங்கிற்று. அது தொடங்கிய இடம் நைலான் குழாயின் நட்டு. அங்கிருந்து கிண்ணத்தின் அடிவளைவைத் தழுவி ஓடி, மறுபுறத்தில் துளியாகத் தொங்கியது. இத்தனை நாளும் நான் துளி தொங்கிய இடத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நட்டைக் கழற்றியபோது தேன்நிறத்தில் பிசுபிசுப்பான ஒன்று மரையைச் சுற்றி ஒட்டியிருந்தது. பழைய பெட்ரோல் உறைந்த பிசின் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். ஒரு துளியைத் திருப்புளி முனையில் எடுத்து, தெருமுனைக்குப் போய், தேநீர்க்கடை அடுப்பில் சூடுகாட்டி என் மூக்கருகே நீட்டினார். அஞ்சல் நிலைய முத்திரையின் மணம்! அரக்கு.

அரக்கு என்றதும் நம் நினைவுக்கு வருவது பாரதத்தின் அரக்கு மாளிகை. கொல்கத்தாவின் மிஸ்திரிக்கோ அது அடுத்த மாவட்டத்துப் பொருள். புருலியாவிலும் ஜார்க்கண்டிலும் பலாச மரங்களிலும் இலந்தையிலும் வளர்க்கப்படும் பூச்சியின் பிசின், சாராயத்தில் கரைத்துத் தடவினால் உலர்ந்து கெட்டியாகும், பெட்ரோலில் கரையாது. ஆகவே தேய்ந்த மரைகளிலும் கசியும் அட்டைகளிலும் அதைத் தடவுவது இத்தொழிலில் நெடுநாள் வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு மிஸ்திரி இந்த நட்டில் தடவியிருக்கிறார். பின்னே இருந்த ரப்பர் வளையம் எப்போதோ கல்லாகிவிட்டது. பெட்ரோலைத் தடுத்து நிறுத்தியது அரக்குதான். பிறகு பெட்ரோல் மாறியது.

2022இல் நாடு முழுவதும் 10 விழுக்காடு எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காட்டுப் பெட்ரோல் அறிமுகமாயிற்று. இன்று எங்கள் பகுதியின் எந்த பங்கிலும் வேறு தெரிவு இல்லை. எத்தனால் என்பது சாராயம். அரக்கைக் கரைப்பதற்கு மிஸ்திரிகள் பயன்படுத்தும் அதே பொருள். தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு அது. நட்டில் இருந்த அரக்கை அது மெல்ல இளக்கியிருக்கிறது. எஞ்சின் சூடானபோது இளகல் விரைந்திருக்கிறது. என் ஐந்து நிமிடக் குளிர்ச் சோதனைகள் ஏன் ஒவ்வொரு முறையும் 'வெற்றி' பெற்றன என்பதற்கும் அதுவே விடை. சாலையோர முதலுதவியாகச் சலவைச் சோப்பைக் கசிவில் அழுத்தித் தேய்க்கும் பழைய உத்தியையும் இனி நம்ப முடியாது என்றார் தாதா. சோப்பும் சாராயத்தில் கரையும்.

சீர்செய்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரையைச் சுத்தப்படுத்தினார். புது நைலான் குழாய்; ரப்பர் வளையத்துக்குப் பதில் வைட்டான் எனப்படும் ஃபுளோரோ ரப்பர் வளையம். குழாயின் முனை வளையத்துக்கு அப்பால் ஏறத்தாழ 5 மி.மீ. நீண்டிருக்க வேண்டும், இல்லாவிடில் இறுக்கும்போது வளையம் நழுவிவிடும். நட்டை வளையம் சற்றே பிதுங்கும் வரை இறுக்கினால் போதும், வலிமையைக் காட்டக் கூடாது. முப்பது நிமிட வேலை. நான் அனாவசியமாக வாங்கிய இரண்டு ஊசி வால்வுகளைவிடக் குறைந்த செலவு. பத்து நாள்கள் காலையும் மாலையும் சாக்கட்டி பூசிப் பார்த்தேன். சூடாக, குளிர்ந்து, மேட்டில் நிறுத்தி. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

இனி என் கருத்து.

எத்தனாலுக்கு எதிராக எழுதுவது என் நோக்கமன்று. அந்நியச் செலாவணிச் சேமிப்பு, கரும்பு உழவர் வருவாய் ஆகிய வாதங்களுக்கு எடை உண்டு. பழைய கார்களின் புகையில் இன்றைய வண்டிகளின் வினையூக்கி வடிகட்டல் இல்லை என்பதும் மெய். ஒரு வண்டியின் ஒரு நட்டை வைத்து ஒரு நாட்டின் கொள்கைக்குத் தீர்ப்பெழுதுவது, என் ஊசி வால்வுத் தீர்ப்பைப் போன்றதே. ரப்பர் கல்லானது முதுமையால். எத்தனால் அம்முதுமையை வெளிக்காட்டியது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் கொள்கையை வகுத்தோர் இதை அறியாதவர்கள் அல்லர். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் வழித்தட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 விழுக்காடு எரிபொருள் திறன் குறையலாம் என்று மதிப்பிட்டது. ரப்பர், நெகிழிப் பாகங்களின் பொருத்தப்பாட்டையும் பேசியது. அறிக்கைக்கும் படிக்கட்டுக்கும் இடையில் ஒருவரும் இல்லை. மல்லிக் பஜாரில் பெயரற்ற பொட்டலத்தில் விற்கும் ரப்பர் வளையம் எந்த ரப்பர் என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

இது பழங்கார் விரும்பிகளின் கவலை மட்டும்தானே என்று கேட்கலாம். இல்லை. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 வரும்வரை இந்நாட்டின் பெரும்பாலான இருசக்கர வண்டிகள் கார்பரேட்டர் வண்டிகளே. பால்காரரின் மொபெட்டிலும் மீன்காரரின் மோட்டார் சைக்கிளிலும் அதே மிதவை, அதே ஊசி, அதே வகை ரப்பர். அவற்றுக்குப் பாரம்பரியக் கழகம் இல்லை, கண்காட்சி இல்லை. சட்டமும் ஐம்பது ஆண்டு கடந்து மூலவடிவில் இருக்கும் வண்டிக்கே 'விண்டேஜ்' தகுதி அளிக்கிறது; அதற்கும் அன்றாட ஓட்டம் தடை. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் நிற்பவை சட்டத்தின் கண்ணுக்குப் பழைய இரும்பு. மாஷிமாவின் வண்டி அந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

அடுத்தது நம்மைப் பற்றியது. இதைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை. 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. பூச்சி, மரம், பிசின், ஏற்றுமதி எல்லாம் ஆராயப்பட்டன. நூறாண்டு கழித்து, அந்த அரக்கு ஒரு கார்பரேட்டரின் நட்டில் என்ன வேலை செய்கிறது, சாராயம் கலந்த பெட்ரோலில் அது என்னவாகிறது என்று எனக்குச் சொன்னவர் எழுதப்படாத ஒரு மனிதர். இந்த நிகழ்வை ஒரு கட்டுரையின் பகுதியாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மதிப்பீட்டாளரின் குறிப்பு ஒரே வரி: 'துணுக்குத் தன்மையது, நீக்கலாம்.' அதே கட்டுரையில், நான் கண்ணால் பாராத ஒரு வெளிநாட்டுப் பணிமனை பற்றி யாரோ எழுதியதை மேற்கோளாக்கியிருந்த பத்தி பாராட்டப்பட்டிருந்தது.

நாட்டார் அறிவு என்று நாம் கருத்தரங்கு கூட்டும்போது மூலிகையும் விதையும் நாட்டுப்புறப் பாடலும் வருகின்றன; மிகவும் நல்லது. எண்ணெய்க்கறை படிந்த அறிவு வருவதில்லை. அது நகரத்தது, அழகற்றது, இயந்திரத்தோடு பிணைந்தது, நம் கற்பனையில் உள்ள 'மரபு' போல் இல்லாதது. அதைப் பேசுபவர் பெரும்பாலும் எந்தச் சாதியிலிருந்து, எந்தச் சமயத்திலிருந்து வருகிறார் என்பதும் நாம் சொல்லத் தயங்கும் காரணங்களுள் ஒன்று. தாதாவின் இரண்டு கேள்விகள் தருக்கவியல் வகுப்பில் வைக்கத் தகுந்தவை: ஒரே அறிகுறியைத் தரும் இரு காரணங்களை, அவை வேறுபட்டாக வேண்டிய மூன்றாம் விளைவைக் கொண்டு பிரித்தறிதல். அவருக்குச் சீடர் இல்லை. இரு மகன்களும் செல்பேசி பழுதுபார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். வருமான வரிக்காரர்கள் படிப்பார்களா என்று திருப்பிக் கேட்டார்.

நான் கோருவது பெரிதன்று. பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இறுதியாண்டுச் செயல்திட்டம் என்ற பெயரில் அதே தானியங்கி விளக்குகளும் அதே வரிபின்தொடரும் பொம்மை வண்டிகளும் செய்யப்படுகின்றன. அதற்குப் பதில், உங்கள் ஊர் உதிரிபாகச் சந்தையில் விற்கும் பத்து வகை ரப்பர் வளையங்களை வாங்கி, பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் சில வாரங்கள் ஊறவைத்து, எடை, பருமன், கடினம் ஆகியவற்றின் மாற்றத்தை அளந்து, கடைப்பெயர் இன்றி வகைப்பெயருடன் உள்ளூர் மொழியில் வெளியிடலாமே. ரப்பரைத் திரவத்தில் சோதிக்க ஏ.எஸ்.டி.எம். டி471 என்ற நிலைத்த முறை இருக்கிறது. தேவைப்படுவது மூடியுள்ள கண்ணாடிக் குப்பிகள், துல்லியத் தராசு, கடினமானி, காற்றோட்டமும் தீப்பாதுகாப்பும் உள்ள ஓர் ஆய்வகம். முடிவுகளை மெக்கானிக் சங்கங்களின் சுவரில் ஒட்டினால் ஆய்விதழ்களைவிட அதிகம் பேர் படிப்பார்கள்.

என்னிடம் இப்போது ஐந்து கடைகளில் வாங்கிய ஐந்து வளையங்கள் தனித்தனி உறையில் இருக்கின்றன. அந்த நட்டிலிருந்து எடுத்த தேன்நிறப் பிசினும் ஒரு சிறு குப்பியில் இருக்கிறது. அது அரக்குதான் என்பதற்கு இதுவரை உள்ள சான்று தாதாவின் அடுப்பும் என் மூக்கும் மட்டுமே. அகச்சிவப்பு நிறமாலைமானி உள்ள துறையில் இருக்கும் நண்பர் எவரேனும் முன்வந்தால் அஞ்சலில் அனுப்புகிறேன். முடிவு எதுவாயினும், அரக்கு இல்லை என்றாலும், இதே இடத்தில் எழுதுவேன். தாதாவிடமும் சொல்லியாக வேண்டும், பந்தயம் கட்டியிருக்கிறார்.